ஒவ்வொரு ஆலையாக மூடியவர்

என் வீட்டுக்காரர் சில மாதங்களாக ஒவ்வொரு ஆலையாக மூடிக்கொண்டு வந்தார். முதலில் சிமென்ட் ஆலை போயிற்று. பிறகு பெயின்ட் தொழிற்சாலை. அப்புறம் நிலக்கரி ஏற்றுகிற கோபுரம். எல்லாம் எங்கள் வீட்டுப் பின்னறை மேசைமேல் இருப்பவைதான், இருப்பதிலேயே உயரமானது என் முழங்கை அளவு வரும். இருந்தாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அத்தனை ஆலைகளின் ஜன்னல் சட்டங்களுக்கும் வர்ணம் அடித்தவள் நான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு பொம்மை ரயில் பைத்தியம். பொம்மை என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், மாடல் ரயில் என்று சொல்ல வேண்டும். ரயில் சும்மா சுற்றிவந்தால் போதாதாம், சரக்கு ஏற்ற இறக்க ஆலைகள் வேண்டுமாம். அந்த ஆலைகள் பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் வரும். சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிற சுவர், கூரை, ஏணி, புகைபோக்கி என்று ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, பிசிறைத் தேய்த்து, பசை வைத்து ஒட்ட வேண்டும். பசை என்றால் பிசுபிசுப்பாக இருக்காது, தண்ணீர் மாதிரி இருக்கும். தூரிகை நுனியால் இணைப்பில் தொட்டால் தானே உள்ளே ஓடி பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவிடும். கொஞ்சம் சிந்தினால் சுவரில் தழும்பு விழும். ஜன்னல் கண்ணாடியில் பட்டுவிட்டால் கதை முடிந்தது. புகை படிந்த மாதிரி வெளுத்துப் போகும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கண்ணாடிக்கென்றே வெள்ளைப் பசை தனியாகக் கிடைக்கிறது. அது சிந்தினாலும் காய்ந்து தெளிந்துவிடும். "அது கை சரியில்லாதவனுக்கு" என்பார் இவர். அந்தப் பாட்டிலை வீட்டுக்குள் விட்டதில்லை.

கை விஷயத்தில் அந்தத் திமிர் அவருக்கு நியாயமானதுதான். பாய்லர் செய்கிற தொழிற்சாலையில் அவர் கிரேன் ஆபரேட்டர். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய கிரேன், அதில் தொங்குகிற ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் இவர். லாரி அளவு இரும்பு டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்ச் சத்தம் வராமல் வைப்பாராம். அங்கே இவருக்கு 'ஊசி' என்று பட்டப்பெயர். ஊசியண்ணன் கொக்கியை இறக்கினால் அதில் நூல் கோத்துவிடலாம் என்பார்கள். எனக்குக் கல்யாணமான புதிதில் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் சிமென்ட் ஆலைக்குத் துரு பூசினார். பளபளவென்று இருந்த கட்டடத்தின் மூலைமுடுக்கெல்லாம் பழுப்பும் கறுப்புமாக அப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேத்துத்தான் திறந்த ஃபேக்டரி மாதிரி இருக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றேன். "ரசனை மாறும்" என்றார். அடுத்து வந்த தண்ணீர்த் தொட்டிக்கு ஏணியே இல்லை. எங்கே என்றால், திருடன் கழற்றிக்கொண்டு போய்விட்டானாம். பெயின்ட் தொழிற்சாலைக்கு நான் ஜன்னல் சட்டமெல்லாம் வர்ணம் அடித்துக் கொடுத்தேன், இவர் கண்ணாடியே வைக்கவில்லை. "இது கைவிட்ட ஃபேக்டரி. கல்லெறிஞ்சு எல்லாம் உடைஞ்சு போச்சு" என்றார்.

"ஆலையெல்லாம் மூடிக் கிடக்கு, இந்த ரயில் யாருக்கு ராப்பகலா சரக்கு ஏத்துது?" என்று கிண்டல் செய்தேன். எப்போதும் இந்த மாதிரிப் பேச்சுக்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற மனுஷன் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய ரயில் கிளப் செயலாளர் வந்து பார்த்துவிட்டு துள்ளிக் குதித்தார். "என்ன உயிரோட்டம்! துருவைத் தொட்டா கையில ஒட்டும் போல இருக்கே!" என்று கோணம் கோணமாகப் படம் எடுத்துக்கொண்டு போனார். ரசனை என்றால் இதுதான் போலிருக்கிறது, நமக்கு அவ்வளவு தெரியாது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் குட்டு உடைந்தது. அன்று மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வருவதாக இருந்தது. மறுநாள் தொழிற்சாலையில் பெரிய வேலை. இதுவரை அங்கே செய்ததிலேயே பெரிய டிரம், அதைத் தூக்கி ரயில் வேகனில் ஏற்றி அனுப்ப வேண்டும். வாரம் முழுக்க அதே பேச்சுத்தான். மேலே கிரேனில் இவர். கீழே கொக்கி மாட்டுவதும், கையால் சைகை காட்டுவதும், டிரம் இறங்கும்போது பக்கத்தில் நின்று அதைத் தொட்டுத் திருப்பி வேகன் தாங்கியில் உட்கார வைப்பதும் எங்கள் மாப்பிள்ளை. இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. அப்படித்தான் சம்பந்தமே அமைந்தது.

வீட்டைப் பெருக்கும்போது, எப்போதும் அவர் என்னைத் தொடவிடாத பின்னறைக் குப்பைக்கூடையையும் எடுத்தேன். அடியில் ஒரு காகிதப் பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்தேன். உள்ளே ஜன்னல் கண்ணாடிகள். ஒன்று இரண்டல்ல, ஒரு பிடி. அத்தனையும் வெளுத்துக் கிடந்தன. கூடவே தண்ணீர்த் தொட்டியின் ஏணி, துண்டு துண்டாக. திருடன் கொண்டுபோன ஏணி.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். துரு எதற்கு என்று அப்போது விளங்கியது. துருவுக்கு அடியில் பசைத் தழும்புகள் இருந்தன. கண்ணாடியை யாரும் உடைக்கவில்லை, இவரால் வைக்க முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், நானும் கிளப்பும் அதை ரசித்திருக்கிறோம்.

அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாள் முன்பு மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னார், "இறக்கறப்ப டிரம் லேசா குதிச்சுது அத்தை. நான் கையை எடுத்துட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு." நான் பதறினேன். பக்கத்தில் இருந்த இவர், "புதுக் கம்பிவடம், அப்படித்தான் இருக்கும்" என்றார். மாப்பிள்ளையும், "ஆமா, வடம்தான்" என்று தலையாட்டினார்.

பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அவர் ஏதோ ஒரு கிடங்குக்குப் பஞ்சால் துரு ஒற்றிக்கொண்டிருந்தார். பொட்டலத்தை அவர் முன்னால் கொட்டினேன்.

"இது என்னங்க?"

பார்த்தார். பஞ்சைக் கீழே வைத்தார். "பசை சரியில்ல. பழைய பாட்டில்."

"ஏணி?"

"பிளாஸ்டிக் மட்டம்."

"கையை நீட்டுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"நீட்டுங்கன்னா."

வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டால் அந்தக் கையைத்தான் மறைப்பான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் கோபம் அதற்கு முன்னால் வந்துவிட்டது.

"எவ்வளவு நாளா?"

"நாலஞ்சு மாசம் இருக்கும். எப்பவும் இல்ல. சின்னதா எதையாவது பிடிச்சாத்தான் ஆடுது. லீவரைப் பிடிச்சா நின்னுடும்."

"நின்னுடுமா? அப்ப அந்த டிரம் ஏன் குதிச்சுது?"

இடது கையால் மேசையில் கிடந்த பிளாஸ்டிக் துண்டுகளை ஓரமாக ஒதுக்கினார்.

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தா எழுதிடுவான். எழுதினா கீழே இறக்கிடுவாங்க. ஸ்டோர்ல உட்கார்ந்து போல்ட்டு எண்ணச் சொல்வாங்க." நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நாளைக்கு ஒரு நாள். அந்த டிரம்மை ஏத்தி அனுப்பிட்டு நானே சொல்லிடறேன். என்னைத் தவிர யாரும் அதைத் தூக்கினதில்லேன்னு பேர் இருக்கட்டும். அப்புறம் ஸ்டோருக்குப் போறேன், எங்க வேணா போறேன்."

"அந்த டிரம்முக்குப் பக்கத்துல நிக்கறது யாரு?"

"எனக்குத் தெரியாதா?" என்று கத்தினார். "எனக்குத் தெரியாம இருக்குமா?"

"தெரிஞ்சுமா ஏறப் போறீங்க?"

வாசலில் மணி அடித்தது. "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொன்னே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நான் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கதவைத் திறக்கப் போனேன்.

அந்தச் சாப்பாடு எப்படி இறங்கியது என்று எனக்கே தெரியாது. மகள் வாய் ஓயாமல் பேசினாள். வாடகை வீட்டில் தண்ணீர் வராத கதை, மாடிவீட்டுக்காரி சண்டை. மாப்பிள்ளை எப்போதும் போலத் தலை நிமிராமல் சாப்பிட்டார். இவர் இடது கையை மேசைக்கடியில் தொடைமேல் ஊன்றிக்கொண்டு, வலது முழங்கையை மேசையில் அழுத்தி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். இத்தனை நாள் இதை நான் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், நான் மத்தளமாகிவிட்டேன். சொன்னால் கட்டினவர் மானம் போகும். சொல்லாவிட்டால் எதிரில் உட்கார்ந்து தயங்கித் தயங்கி இரண்டாம் தடவை பரிமாறிக்கொள்கிற இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்? மாப்பிள்ளையின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு அந்த விரல்கள் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும்.

மாப்பிள்ளை கை கழுவிவிட்டு வந்து, "மாமா, நான் வாங்கிட்டு வந்த மாடல் கிட்டைக் கட்டிட்டீங்களா?" என்று கேட்டார். மாமனார் பிறந்தநாளுக்கு அவர் கொடுத்தது. சரக்குக்கூடத்துக் கிரேன், பக்கத்தில் கூண்டு, எல்லாம் சேர்ந்த ஒரு கிட். அது பெட்டியோடு அலமாரிமேல் கிடந்தது.

"நேரமே கிடைக்கல" என்றார் இவர்.

நான் விடவில்லை. "இப்ப நேரம் இருக்கே. மாப்பிள்ளை பார்க்க ஒரு கண்ணாடியாவது வச்சுக் காட்டுங்க" என்றேன். சாதாரணமாகச் சொல்ல நினைத்தேன், குரல் என்னைக் காட்டிக்கொடுத்தது. இவர் என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. ஆனால் மாப்பிள்ளைக்கு முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? வீம்பும் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். எழுந்து பின்னறைக்குப் போனார். மகள் பாத்திரம் கழுவ சமையலறைக்குப் போய்விட்டாள். நாங்கள் மூவரும்தான்.

விளக்கைக் கிட்டே இழுத்தார். பெட்டியைப் பிரித்து, கூண்டின் நாலு சுவரையும் வெட்டி எடுத்தார். கத்திவேலை பரவாயில்லை, அழுத்திப் பிடிக்கிற வேலை. சுவர்களை ஒட்டினார். மூலையில் பசை கொஞ்சம் வழிந்தது, கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். பிறகு இடுக்கியால் கண்ணாடியை எடுத்தார். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றினார், மூச்சைப் பிடித்தார். கண்ணாடி சட்டத்தில் போய் உட்கார்ந்தது. எனக்கே ஒரு நிமிஷம் நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று ஆசை வந்தது.

பசைத் தூரிகையை எடுத்தார். தூரிகை கிட்டே போகப் போக நுனி ஆட ஆரம்பித்தது. நின்றார். மறுபடி கொண்டுபோனார். ஆட்டம் மணிக்கட்டுக்கு வந்தது. அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார், இப்போது இரண்டும் சேர்ந்து ஆடின. தூரிகை கண்ணாடிமேல் விழுந்து இழுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி வெளுத்தது.

"வெளிச்சம் சரியில்ல" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

 மாப்பிள்ளை அந்தத் தூரிகையையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை நேரம் முழுக்கக் கொக்கியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், அதற்குத் தெரியாமல் போகுமா? அப்பாடா, அவரே பார்த்துவிட்டார், இனி நான் வாயைத் திறக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை பசைப் பாட்டிலை எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தார். "பசை பழசு போல இருக்கு மாமா. நான் வேற நல்லதா வாங்கிட்டு வரேன்."

 இவரும் பூசுகிறாரே துரு! முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த வெளுத்த கண்ணாடிகளை மேசைமேல் உதறினேன். "பசை பழசாம் பசை! இத்தனைக்கும் பசையா காரணம்? மாப்பிள்ளை, மரியாதையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். நேரா கேக்கறேன். நாளைக்கு இந்தக் கைக்குக் கீழே போய் நிப்பீங்களா?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். மாமனார் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"மாமா மேல இருந்தா நான் நிப்பேன் அத்தை."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இப்பக் கண்ணால பார்த்தீங்களே!"

"இப்பத்தான் பார்த்தேன்னு யார் சொன்னது அத்தை?" மெதுவாகச் சொன்னார். "ரொம்ப நாளா தெரியும். கொக்கி சொல்லிடும். முதல்ல சங்கிலியில ஒரு நடுக்கம் வரும். அது தெரிஞ்சா மத்த பசங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிடுவேன். ஏதாவது ஒரு சாக்கு, கட்டை எடுத்துட்டு வா, கயிறு எடுத்துட்டு வான்னு. நான் மட்டும் கிட்டப் போவேன். எனக்கு மாமா கை எப்ப ஆடும், எப்ப நிக்கும்னு பழகிடுச்சு. வேற யாராவது நின்னா அவனுக்குத் தெரியாது பாருங்க, மாட்டிப்பான்."

 சமையலறையில் குழாய் ஓடுவது மட்டும் கேட்டது.

இவர் மெல்ல எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மாப்பிள்ளை கிட்டே போய் நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவரை 'வாங்க, போங்க' என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

"ஏன்டா சொல்லல?" என்றார்.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல? என்னை யாருன்னு நினைச்ச? என் பொண்ணைக் கட்டினவன்தானே நீ? எனக்காக நசுங்கிச் சாகவா உன்னைப் பார்த்துக் கொடுத்தேன்?" கையை ஓங்கினார். அறைந்துவிடுவார் என்றே நினைத்தேன். அந்தக் கை மாப்பிள்ளையின் தோளில் போய் விழுந்து சட்டையைப் பிடித்துக்கொண்டது, சட்டையோடு சேர்ந்து ஆடியது. அதை மறைக்க அவர் இம்முறை எதுவும் செய்யவில்லை.

"எப்படி மாமா சொல்றது? உங்ககிட்டப் போய் நான் எப்படி..."

"பயமா இல்லையாடா உனக்கு?"

மாப்பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டார். வளர்ந்த ஆள், தோளில் சங்கிலி போட்டு இழுக்கிற ஆள், கண் நிறைந்துவிட்டது.

"இருந்துச்சு மாமா. ஒவ்வொரு தடவையும்."

இவர் சட்டையை விட்டார். கொஞ்ச நேரம் மேசையில் கிடந்த கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்தார். எண்ணைத் தப்பாக அழுத்தினார், மறுபடி தப்பாக அழுத்தினார். நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்து, ஒவ்வொரு எண்ணாகக் குத்தி அவரே போட்டார்.

மறுமுனையில் தொழிற்சாலை சூப்பர்வைசர். அவர் பேசுவதும் எங்களுக்குக் கேட்டது. என்னய்யா ஊசி, நாளைக்கு ஜமாய்ச்சுடலாமா என்று உற்சாகமாக ஆரம்பித்தார்.

"நாளைக்கு நான் ஏறல" என்றார் இவர். "டிரம்மைத் தள்ளிப் போடுங்க. வேற ஆளை வச்சு, காலியா தூக்கி இறக்கிப் பார்த்துட்டு அப்புறம் செய்யுங்க. அவசரப்படாதீங்க."

என்னாச்சு, உடம்பு சரியில்லையா, காய்ச்சலா என்று கேட்டார் சூப்பர்வைசர். காய்ச்சல் என்றே போட்டுக்கொள்ளலாம், இரண்டு நாள் லீவு தருகிறேன், டிரம் காத்திருக்கும், நீ வந்தே தூக்கு என்றார். நல்ல மனுஷன், தப்பிக்க வழியையும் அவரே திறந்து கொடுத்தார்.  ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு நாள் கழித்து மறுபடி மேலே ஏறிவிடலாம்.

"காய்ச்சல் இல்ல" என்றார். "கை நடுங்குது."

சூப்பர்வைசர் ஏதோ சமாதானம் சொன்னார். இவர் குறுக்கே பேசினார். இப்போது குரல் உரத்துவிட்டது, மேலே கூண்டிலிருந்து கீழே கூப்பிடுகிற குரல்.

"இன்னிக்கு நேத்து இல்ல சார். மாசக்கணக்கா நடுங்குது. மறைச்சுட்டேன். என் மாப்பிள்ளையைக் கீழே நிக்க வச்சுக்கிட்டே மறைச்சுட்டேன். எழுதிக்குங்க."

சமையலறையில் குழாய் நின்றது. ஈரக்கையோடு மகள் வந்து பின்னறை வாசலில் நின்றாள். எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள், கடைசியில் அவள் பார்வை புருஷன் முகத்தில் வந்து நின்றது.

"என்னப்பா மறைச்சீங்க?" என்று கேட்டாள்.

அவர் போனை வைத்தார். என்னைப் பார்த்தார். இவ்வளவு நேரம் நாக்கு நீண்டவள் நான்தான், இதையும் நானே சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மகளிடம் போவதற்கு நகர்ந்து வழி விட்டேன்.